திரையில் தெரியும் எண்ணை ஏன் நம்பக் கூடாது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்பவருக்கு ஆர்டர், பார்சல், பாக்கி எல்லாம் போனில்தான். வங்கியின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்து, "உங்க கணக்கு முடங்கப் போகுது சார்" என்றால் அவர் நம்பத்தான் செய்வார். திரையில் எண் சரியாகத்தானே இருக்கிறது!

ஓர் அழைப்போடு இரண்டு எண்கள் பயணிக்கின்றன. யாருக்கு அழைப்பு என்று சொல்லும் எண் தவறினால் அழைப்பே வந்து சேராது. யாரிடமிருந்து என்று சொல்லும் எண் அப்படியல்ல. கடித உறையில் எழுதும் அனுப்புநர் முகவரி போல, அது பொய்யாக இருந்தாலும் அழைப்பு சேர்ந்துவிடும். இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து அழைப்பவர், மென்பொருளில் தனக்கு வேண்டிய எண்ணை இட்டுவிடலாம். இப்படி இந்திய எண்ணாக வேடமிட்டு வரும் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்க, தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின.

ஆனால் இந்த வேடம் ஒருவழிப் பாதையில்தான் பலிக்கும். நாம் வங்கியின் எண்ணை அழுத்தினால், அழைப்பு அந்த எண்ணின் உண்மையான உரிமையாளருக்கே போகும். அதனால் துண்டித்துவிட்டு, ஏடிஎம் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணைப் பார்த்து நாமே அழைக்க வேண்டும். கூகுளில் தேடி எடுக்கும் எண் வேண்டாம். போலி சேவை எண்கள் அங்கேயும் உண்டு.

"லைனைக் கட் பண்ணாதீங்க" என்று மோசடிக்காரர்கள் அதட்டுவது இதற்காகத்தான். நாம் திரும்ப அழைத்தால் குட்டு உடைந்துவிடும். "டிஜிட்டல் கைது" என்று சொல்லி மணிக்கணக்கில் வீடியோ அழைப்பில் உட்கார வைப்பதும் இதே தந்திரம். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது.

பார்சல் பெயரைச் சொல்லி, *401* அல்லது *21* என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னாலும் செய்யாதீர்கள். அது நமக்கு வரும் அழைப்புகளை அவர்களிடம் திருப்பிவிடும் கட்டளை. குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் அங்கேயே போய்விடும். சந்தேகம் வந்தால் ##002# அழுத்துங்கள், திருப்பல் ரத்தாகும்.

பணம் போய்விட்டால், சைபர் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.