உயரம்தான் அளவு: தலையிலிருந்து நீர் வடிக்கும் குழாயைக் கையாள்வது எப்படி

தலையில் ஆபரேஷன் முடிந்து வரும் சில நோயாளிகளின் கட்டிலோரத்தில் ஒரு அளவுகோல் நிற்கும். அதில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழல், அதற்குக் கீழே ஒரு பை. பார்க்க வருபவர்கள் இதையும் மூத்திரப் பையோடு சேர்த்துவிடுகிறார்கள். மூத்திரப் பை தாழ இருக்க இருக்க நல்லது. இந்தக் குழலைத் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. இ.வி.டி. (எக்ஸ்டர்னல் வென்ட்ரிகுலர் டிரெயின்) என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்படும், மூளைநீரை வெளியே வடிக்கும் இந்தக் கருவியில் பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. எவ்வளவு நீர் வெளியேறும் என்பதைக் குழல் தொங்கும் உயரம் மட்டுமே தீர்மானிக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி சுமார் 150 மி.லி. நீர் இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 20 மி.லி. புதிதாகச் சுரக்கும். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் அரை லிட்டருக்குப் பக்கத்தில் வரும். அதே அளவு ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ரத்தக்கசிவு, கட்டி, காசநோய் மூளைக்காய்ச்சல், ஷன்ட்டில் (மூளைநீரை வயிற்றுக்குத் திருப்ப உள்ளே வைத்த குழாயில்) கிருமித் தொற்று என ஏதோ ஒன்று பாதையை அடைத்தால் நீர் மூளையின் உள்ளறைகளில் தேங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது, அதனால் அழுத்தம் ஏறுகிறது. இயல்பான அழுத்தம் 7 முதல் 15 மி.மீ. பாதரசம். தலைக்காயத்தில் 22-ஐத் தாண்டி நின்றால் உடனே குறைத்தாக வேண்டும். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தி மூளையில் ரத்தம் கசிந்தவரும், ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போய் விழுந்தவரும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோகப்படுகிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்தக் குழாய் தேவைப்படும்.

குழாயைப் போடுவது நியூரோ சர்ஜன். பெரும்பாலும் வலது நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு துளை. குழாயின் நுனி ஏறத்தாழ 6 செ.மீ. உள்ளே போய் உள்ளறையில் நிற்கும். வெளியே வரும் பகுதியைத் தோலுக்கடியில் சில செ.மீ. ஓட்டி வேறொரு இடத்தில் எடுத்துத் தையல் போட்டு நிறுத்துவார்கள். கிருமி நேராக உள்ளே இறங்காமலும் குழாய் எளிதில் உருவிக்கொள்ளாமலும் இருக்கத்தான் இந்த ஓட்டம். அதற்கு அப்பால் உள்ள எல்லாமே நர்ஸ் கையில்.

பொருத்தும்போது தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கையுறை, ஸ்டெரைல் விரிப்பு, இவற்றில் எதையும் விட முடியாது. செட்டைப் பிரித்ததும் முதலில் ஒவ்வொரு இணைப்பையும் கையால் முறுக்கி இறுக்குங்கள். கம்பெனியில் இறுக்கித்தான் அனுப்பியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் விட்ட இணைப்புதான் நடுராத்திரியில் கழன்று தலையணையை நனைக்கும். பிறகு, பதப்படுத்தும் மருந்து சேர்க்காத 0.9 சதவீத சலைனை சிரிஞ்சில் எடுத்து, குழாய் முழுவதையும் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். இது நோயாளியோடு இணைப்பதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை. சலைன் போகும் திசை எப்போதும் பையை நோக்கித்தான்.

அழுத்தத்தை மானிட்டரில் பார்க்க டிரான்ஸ்டியூசர் என்ற உணரியைச் சேர்க்கும்போது ஒரு பழக்கதோஷம் குறுக்கே வரும். ரத்த அழுத்தம் பார்க்கத் தமனியில் ஆர்ட்டீரியல் லைன் போட்டுப் பழகிய கை, சலைனை அழுத்தித் தள்ளும் பிரஷர் பேக்கைத் தன்னையறியாமல் தேடும். அந்தப் பையை 300 மி.மீ. வரை ஏற்றினால் மணிக்குச் சுமார் 3 மி.லி. சலைன் லைனுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ரத்தக் குழாய்க்கு அது ஒன்றுமில்லை. இங்கே அந்த 3 மி.லி.யும் மூளைக்குள் இறங்கும். ஆகவே இந்த லைனில் பிரஷர் பேக் கிடையாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் கிடையாது. லைனின் மேல் பெரிய எழுத்தில் ஒரு லேபிள் ஒட்டுங்கள். ஐ.வி. லைன் என்று நினைத்து மருந்தை இதில் ஏற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்தது மட்டம். அளவுகோலின் பூஜ்ஜியம், காதுத் துளைக்கு முன்னால் துருத்தியிருக்கும் சிறு குருத்தெலும்பின் நேரில் நிற்க வேண்டும். உள்ளறைகள் ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான் இருக்கின்றன. நோயாளி ஒருக்களித்துப் படுத்திருந்தால் இரு புருவங்களுக்கு நடுவே உள்ள புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். கண்ணளவு போதாது. லேசர் லெவல் இல்லாவிட்டால் ரசமட்டம் போதும். கட்டட வேலையில் கொத்தனார் டியூப் லெவலை இரு முனையிலும் பிடித்துப் பார்க்கிறாரே, அதே தத்துவம்தான் இங்கேயும்: ஒரு முனை மூளைக்குள், மறு முனை அளவுகோலில். உள்ளே அழுத்தம் குழலின் உயரத்தைத் தாண்டும்போது மட்டும் நீர் சொட்டும்.

பூஜ்ஜியம் நின்ற பிறகு டாக்டர் எழுதிய உயரத்துக்குக் குழலை ஏற்றிப் பூட்ட வேண்டும். கேஸ் ஷீட்டில் வெறுமனே ‘10’ என்று எழுதியிருந்தால் கேட்டுத் தெளிந்த பிறகே கை வையுங்கள். அளவுகோலின் ஒரு பக்கம் மி.மீ. பாதரசம், மறுபக்கம் செ.மீ. நீர். 10 மி.மீ. பாதரசம் என்பது 13.6 செ.மீ. நீருக்குச் சமம். 15 செ.மீ. நீர் என்பது 11 மி.மீ.தான். பக்கம் மாறிப் படித்தால் வடியும் அளவே மாறிப்போகும்.

வைத்த மட்டம் வைத்தபடி நிற்காது. தொல்லை முழுவதும் இதில்தான். அளவுகோல் தனி ஸ்டாண்டில் இருக்க, கட்டிலை 10 செ.மீ. உயர்த்தினால் குழல் அதே 10 செ.மீ. தாழ்ந்ததாகிவிடும், நீர் தடதடவென்று இறங்கும். அளவுகோலைக் கட்டில் சட்டத்திலேயே மாட்டியிருந்தாலும் தலைப்பக்கத்தை மட்டும் தூக்கும்போது இதே கதைதான். யாருமே கை வைக்காவிட்டாலும் 30 டிகிரி சாய்வில் படுத்திருப்பவர் மெல்ல மெல்லக் கீழே சரிவார். தலை தாழும், குழல் உயர்ந்ததாகிவிடும், சொட்டு நிற்கும். குழாய் அடைத்துவிட்டது என்று பதறுவதற்கு முன் நோயாளியை மேலே இழுத்துப் படுக்கவைத்து மட்டத்தைப் பாருங்கள். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஐ.சி.யூ.வில் இருக்கும்வரை இது சிஸ்டர்கள் பாடு. வார்டுக்கு வந்ததும் துணைக்கு நிற்கும் பைஸ்டாண்டர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். “தலையைக் கொஞ்சம் பொக்கி வச்சாத்தானே கஞ்சி இறங்கும்” என்று அன்போடு கட்டிலின் கைப்பிடியைச் சுழற்றுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. முதல் நாளே கூப்பிட்டு, கட்டிலை ஏற்றவோ இறக்கவோ, ஆளைத் திருப்பவோ, எழுப்பி உட்காரவைக்கவோ வேண்டுமென்றால் முதலில் சிஸ்டரிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர்களைப் போலக் காவல் காப்பவர் வேறு யாருமில்லை.

நோயாளியை அசைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் குழாயை அடைக்கும் கிளாம்பை மூட வேண்டும். திருப்பிப் படுக்கவைப்பது, சளி உறிஞ்சுவது, பிசியோதெரபி, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது எல்லாமே இதில் சேரும். வேலை முடிந்ததும் மட்டம் பார்த்துத் திறக்க வேண்டும். மூட மறப்பவர் குறைவு, திறக்க மறப்பவர்தான் அதிகம். மூடிய கையே திறக்க வேண்டும், மூடிய நேரத்தைச் சார்ட்டில் எழுத வேண்டும் என்ற ஒழுங்கு இல்லாத இடத்தில் இது நடந்தே தீரும். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு சிஸ்டர்களும் கட்டிலருகே நின்று, தலையிலிருந்து பை வரை விரலால் தொட்டுக்கொண்டே போய் ஒவ்வொரு ஸ்டாப்காக்கின் (வழியைத் திறந்து மூடும் திருகின்) திசையையும் சரிபார்ப்பது நல்லது.

மணிக்கொரு முறை அளவு, நிறம், நினைவு நிலை, கண்மணி இவற்றைப் பதிய வேண்டும். அழுத்தம் பார்க்கும்போது வடிகாலை மூடி, சில நிமிடம் விட்டு, மானிட்டரில் அலை நிதானப்பட்ட பிறகு படியுங்கள். வடிகால் திறந்திருக்கும்போது மானிட்டர் காட்டும் எண்ணை நம்பக்கூடாது. குழாயில் நீர்மட்டம் நாடித் துடிப்போடு லேசாக ஏறி இறங்கினால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

மணிக்கு 20 மி.லி.க்கு மேல் வடிந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். சிலருக்கு அவர் இதைவிடக் குறைந்த வரம்பு எழுதியிருப்பார். அளவுக்கு மீறி வடிந்தால் உள்ளறைகள் சுருங்கும், மூளை மண்டையோட்டிலிருந்து விலகும், மேற்பரப்பு ரத்தக்குழாய்கள் அறுந்து ரத்தம் கட்டும். பலூன் போல வீங்கிய ரத்தக்குழாய் வெடித்து வந்தவருக்கு அதை அடைக்கும் முன் வேகமாக வடித்தால் மறுபடி வெடிக்க வாய்ப்புண்டு. பின்மூளையில் கட்டி இருப்பவருக்கு மூளை மேல்நோக்கித் தள்ளப்படலாம். வடியும் நீரோடு உப்பும் போகிறது என்பதால் ரத்தத்தில் சோடியத்தையும் கவனிக்க வேண்டும்.

சொட்டு நின்றால் தலையிலிருந்து தொடங்குங்கள். டிரஸ்ஸிங்குக்கு அடியில் மடிந்திருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா, ரத்தக்கட்டி தெரிகிறதா, குழலின் மேல் உள்ள காற்று வடிகட்டி நனைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியில் சொன்னது பலருக்குத் தோன்றுவதே இல்லை. குழலைப் படுக்கவைத்தால் நீர் வடிகட்டியில் ஏறிக் காற்று வழி அடைபட்டுவிடும், அதோடு சொட்டும் நின்றுவிடும். எல்லாம் சரியாக இருந்தால் குழலைச் சில நொடிகள் மட்டும் தாழ்த்திப் பார்க்கலாம். இரண்டு மூன்று சொட்டு விழுந்தால் வழி திறந்திருக்கிறது, பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். விழாவிட்டால் சர்ஜனைக் கூப்பிடுவதுதான் வேலை. சிரிஞ்சால் தலைப்பக்கம் தள்ளிப் பார்ப்பது நர்ஸ் செய்யக்கூடாத காரியம். இதற்கிடையே நோயாளி தூங்கிவழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பிரஷர் ஏறி நாடி குறைந்தாலோ, ஒரு கண்மணி விரிந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

குழாய் உள்ளே இருக்கும் நாள் கூடக்கூட, லைனைத் திறக்கும் தடவை கூடக்கூடக் கிருமி நுழையும் வாய்ப்பும் கூடும். தேவையில்லாமல் தினமும் சாம்பிள் எடுக்க வேண்டாம். பை முக்கால் நிறைந்தால் மட்டும் மாற்றுங்கள். நாள் கணக்கு வைத்து முழு செட்டையும் மாற்றுவதால் லாபம் இல்லை. டிரஸ்ஸிங் ஈரமாக இருந்தால் அதன்மேல் இன்னொரு பஞ்சு வைத்து மூடாதீர்கள். அது குழாயைச் சுற்றிக் கசியும் மூளைநீராக இருக்கலாம், நீர் வெளியே வரும் வழிதான் கிருமி உள்ளே போகும் வழியும். காய்ச்சலோடு நீர் கலங்கலாக வந்தால் அப்போதே தெரிவியுங்கள். இணைப்பு கழன்றுவிட்டால் தலைக்குப் பக்கத்தில் கிளாம்ப் செய்து, முனையை ஸ்டெரைல் காஸ் துணியில் சுற்றி டாக்டரைக் கூப்பிட வேண்டும். கழன்றதையே மறுபடி செருகக்கூடாது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சுமார் 70 கி.மீ. மார்த்தாண்டத்தில் நெரிசல் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரமும் மூடியே வைப்பதா, எந்த அழுத்தத்தில் எந்த உயரத்தில் திறப்பது என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே சர்ஜன் எழுதித் தர வேண்டும். ‘கிளாம்ப் பண்ணிட்டு அனுப்பு’ என்ற ஒற்றை வரி போதாது. வண்டியில் குழலைச் செங்குத்தாகக் கட்டுங்கள், நோயாளியின் வயிற்றின்மேல் கிடத்தாதீர்கள். திறப்பதென்றால் வண்டியை ஓரங்கட்டி மட்டம் பார்த்துத் திறப்பதே பாதுகாப்பு. கண்மணியைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும்.

குழாய் தேவையில்லை என்று தோன்றும்போது உயரத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள், அல்லது ஒரு நாள் மூடிவைத்துப் பார்ப்பார்கள். தலைவலி, மந்தம் இல்லாமல் அழுத்தமும் ஏறாமல் ஸ்கேனிலும் உள்ளறைகள் பெரிதாகாவிட்டால் எடுத்துவிடலாம். தாங்காதவருக்கு வயிற்றுக்கு நீரைத் திருப்பும் ஷன்ட் வைக்க வேண்டியிருக்கும். எடுத்த இடத்தில் ஒரு தையல் இருக்கும். ஓரிரு நாள் அங்கே ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், கழுத்து இறுக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, புதிதாகத் தூக்கக் கலக்கம் இவற்றில் எது வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்காமல், டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு நேராக எமர்ஜென்சிக்கு வந்துவிடுங்கள்.