இரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? வன்னிக் கிராமங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை இருப்பதோ கரையோரத்தில். மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியால் போனாலே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இந்தத் தூரத்தை எங்களால் குறைக்க முடியாது. ஆனால் ஆபத்தான நேரத்தில் ஆட்களைப் பறிகொடுப்பதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. பிழையான வாசலில் போய் நின்று அரை மணி, ஒரு மணி நேரம் வீணாவதும் காரணம். அதைத் தடுக்கலாம்.

எல்லா அரச மருத்துவ நிலையமும் ஒரே மாதிரி இல்லை. ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு பகலில் வெளிநோயாளரை மட்டும் பார்க்கும், நோயாளரைத் தங்கவைக்கும் விடுதி கிடையாது. இரவு பத்து மணிக்கு அங்கே ஆளைக் கொண்டுபோனால் கேற் பூட்டியிருக்கும். பிரதேச வைத்தியசாலையில் விடுதி உண்டு. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு போன்ற ஆதார வைத்தியசாலைகளில் வசதி இன்னும் கூட. உங்கள் கிராமத்துக்குக் கிட்ட உள்ளது எந்த வகை, இரவில் டொக்டர் நிற்கிறாரா, ஈசிஜி எடுக்கலாமா, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்களா, அம்புலன்ஸ் நிற்கிறதா என்று பகலில் நேரில் போய்க் கேட்டுக் குறித்து வையுங்கள். ஆளணி மாறும்போது இந்த விபரமும் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்பது நல்லது.

வன்னியில் இது உயிர்ப் பிரச்சினையாவது பாம்புக்கடியில்தான். இங்கே பாவிக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒன்றாகச் செய்யப்பட்டது. அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரக்கூடும். அட்ரினலினையும் ஒட்சிசனையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். ஒரு சிறிய ஆஸ்பத்திரி முதலுதவி செய்து உடனே பெரிய இடத்துக்கு அனுப்புவது தட்டிக்கழிப்பதற்காக அல்ல.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசு, இறுக்கமான உடுப்பைக் கழற்றுங்கள்; வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கையோ காலோ அசையாதபடி ஒரு மட்டையோ பலகையோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாமல் அந்த இடமே அழுகும். கடிவாயைக் கீறினால், புடையன் விஷத்தில் இரத்தம் உறையாது என்பதால், இரத்தப்போக்கு நிற்காது. பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு. தூர நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுவிரியன் வேறு விதம். நிலத்தில் பாயில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். நோகாது, பல்லடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுக்குத்து, சத்தி, பிறகு கண் இமை கீழே விழுதல், விழுங்க முடியாமை. இதைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பதுதான் மிக ஆபத்தானது. மூச்சுத் தசை செயலிழந்தால் செயற்கைச் சுவாசம் இல்லாமல் காப்பாற்ற முடியாது. விசகடி வைத்தியரிடம் நம்பிக்கை உள்ளவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் ஆஸ்பத்திரி.

அங்கே போனதும் 2 மில்லிலீற்றர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. ‘சும்மா வைத்திருக்கிறார்கள்’ என்று சண்டை பிடித்து ஆளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதல் சோதனை சரியாக வந்தாலும் ஒரு நாள் முழுக்க விடுதியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு 2018இல் வந்தது. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டு இலக்கம் சொல்லிப் பயனில்லை. கிராம அலுவலர் பிரிவு, கிட்ட உள்ள பள்ளிக்கூடம், கோயில், குளக்கட்டு, பிரதான வீதியிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லுங்கள். உள் வீதி மோசமென்றால் நோயாளியை ஓட்டோவிலோ ட்ரக்டரிலோ சந்திக்கு ஏற்றி வந்து, ஒருவர் ரோர்ச்சோடு நிற்க வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லாவிட்டால் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யானை நடமாடும் பாதையில் இரவில் நோயாளியை மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு போவது கடைசி வழி. வாகனம் வைத்திருப்பவர்களின் தொலைபேசி எண்களை கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் பிள்ளைப்பேறு எதிர்பார்க்கும் தாய்மாருக்குத் தனிக் கவனம் வேண்டும். மாரியில் குளம் வான்பாய்ந்தால் பாலத்தடியில் பாதை அறுந்துவிடும். குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்பே சொல்லி, திகதிக்கு முன்னரே ஆஸ்பத்திரியில் சேரவோ கிட்ட உள்ள உறவினர் வீட்டில் தங்கவோ ஒழுங்கு செய்யுங்கள். கர்ப்பகாலப் பதிவட்டை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். காலபோக வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க எடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வழமையாகக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 12 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாக எடுக்கக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் இதுதான்.

நீரிழிவு, பிரஷர் கிளினிக்கில் மாத்திரையை அடுத்த கிளினிக் வரைக்கும் அளவாகத்தான் தருகிறார்கள். சூடடிப்பு நாளில் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் மருந்தும் நின்றுபோகும். கொப்பியோடு அடுத்த வேலைநாளே போங்கள். அடுத்த திகதி வரை காத்திருக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி, ஈர மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். திறந்த போத்தலை நான்கு கிழமைக்கு மேல் பாவிக்காதீர்கள். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைத்து உறைந்துபோனால் எறிந்துவிடுங்கள்.

ஊராகக் கேட்கும்போது ‘எங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும்’ என்று மட்டும் எழுதிய கடிதம் கோப்புக்குள் போய்விடும். கிராமத்தில் எத்தனை பேர் எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில் போகிறார்கள், முதல் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை பேர் கடந்த மூன்று மாதத்தில் தவறவிட்டார்கள் என்று மாதர் சங்கம் வீடுவீடாக எழுதி எடுக்கலாம். அதைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கொடுத்து, மாதம் ஒருமுறை கிராமத்துக்கே வரும் நடமாடும் கிளினிக்கைக் கேளுங்கள். ஒரு பிரதியைப் பஸ் டிப்போவுக்கும் கொடுங்கள். கிளினிக் நாளில் பஸ் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளினாலே பலருக்குக் கிளினிக் வரிசைத் துண்டு கிடைத்துவிடும்.