ஜம்ப்: தாவலா, குதியா, துள்ளலா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளிடம் சைக்கிளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒரு சொல் தவறாமல் வந்து விழும்: ஜம்ப். செம்பனைக் காட்டுச் செம்மண் மேட்டில் ஏறிப் பறந்தால் ஜம்ப். கடை வரிசைத் திண்ணையிலிருந்து சைக்கிளோடு இறங்கினால் ஜம்ப். வேகமாக வந்து லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயை, தாண்டினாலும் ஜம்ப்தான். ஆனால் இவை மூன்றும் மூன்று வித்தைகள். ஒவ்வொன்றிலும் உடம்பு செய்யும் வேலை வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால், ஒன்றில் பழகிய கை மற்றதிலும் அதையே செய்யப் போகிறது. பிள்ளைகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஜம்ப் என்பது ஆங்கில எழுத்தில் 16ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய சொல். அதன் வேர் உறுதியாகத் தெரியாது. தரையில் கால் மோதும் ஓசையிலிருந்து பிறந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சைக்கிளுக்கு அது வந்தது மோட்டார் சைக்கிள் வழியாக. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாச் சிறுவர்கள் மோட்டோகிராஸ் என்ற மண்தட மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பார்த்து, தங்கள் சின்னச் சைக்கிள்களை மண்மேடுகளில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். அதுதான் பிஎம்எக்ஸ். அதே மாநிலத்தின் மாரின் மலைச்சரிவுகளில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மவுண்டன் பைக் உருவெடுத்தது. மேட்டில் பறக்கும் வித்தையும் அதற்கான பெயர்களும் பிஎம்எக்ஸிலிருந்து இதற்கு வந்து ஒட்டிக்கொண்டன. நம் நாட்டில் இந்த விளையாட்டுக்குப் பேர்போன இடங்களில் ஒன்றான கோலாலம்பூர் புக்கிட் கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதியைப் பிரித்தால் முதலில் நிற்பது குதித்தல். 'கூற்றம் குதித்தலும் கைகூடும்' என்கிற 269ஆம் குறளில் அதற்குக் கடத்தல், தாண்டுதல் என்று பொருள். இன்றைய பேச்சிலோ அது பெரும்பாலும் மேலிருந்து கீழே வருவதைக் குறிக்கிறது. கிணற்றில் குதித்தான், சுவரேறிக் குதித்தான் என்கிறோம். குதி என்பதற்குக் குதிகால் என்றும் பொருள் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

துள்ளுதல் கன்றுக்குட்டிக்கும் மீனுக்கும் உரியது. உயரம் உண்டு, தூரம் அவ்வளவாக இல்லை. எம்புதல் என்றால் உடம்பை உந்தி உயர்த்துவது. உயரத்து அலமாரிச் சாமானை எடுக்க எம்புகிறோம். கால் தரையை அழுத்த, உடம்பு நிமிர்கிறது.

தாவுதல் இவற்றிலிருந்து மாறுபட்டது. அதில் விட்டுப் புறப்படும் இடமும் உண்டு, போய்ச் சேரும் இடமும் உண்டு. குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது. ஒரு கட்சியை விட்டு இன்னொன்றில் சேர்வதைக் கட்சித் தாவல் என்கிறோம். 610ஆம் குறளில் உலகளந்த திருமாலைப் பற்றி 'அடியளந்தான் தாஅயது எல்லாம்' என்று வருகிறது. ஓரடி இங்கே, ஓரடி அங்கே என்று வைத்துக் கடந்த பரப்பு முழுவதும் அந்தத் 'தாஅயது' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

மண்மேட்டில் ஏறிப் பறந்து மறுபக்கச் சரிவில் இறங்கும் வித்தைக்குத் தாவல் என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். இறங்கும் இடத்தைப் பார்க்காமல் புறப்படுவதுதான் இந்த வித்தையில் பெரிய ஆபத்து. தாவல் என்று சொல்லும்போதே 'எங்கே?' என்ற கேள்வி கூடவே வருகிறது.

மேட்டின் பகுதிகளுக்கும் நம்மிடம் சொற்கள் தயாராகவே இருக்கின்றன. ஏறும் சரிவு ஏறுமுகம், இறங்கும் சரிவு இறங்குமுகம். விலைவாசிக்குச் சொல்லிப் பழகிய சொற்கள் இங்கே நேர்ப்பொருளில் உட்காருகின்றன. ஏறுமுகத்தின் உச்சிக்கு விளிம்பு என்று பெயர். இரண்டுக்கும் நடுவே மண் நிரவியிருந்தால், ஆங்கிலத்தில் டேபிள்டாப் என்பார்கள். தட்டைமேடு என்று சொல்லலாம். நடுவே வெற்றிடம் என்றால் அது பள்ளத்தாவல். புதிதாகப் பழகுகிறவர் தட்டைமேட்டில்தான் தொடங்க வேண்டும். தூரம் போதாமல் போனாலும் சக்கரம் சமமண்ணில் இறங்கும். பள்ளத்தாவலில் அந்தச் சலுகை இல்லை.

இறங்குமுகம் சரிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி வரும். சமதரையில் அந்த வேகம் முழுவதும் முட்டியிலும் மணிக்கட்டிலும் இடிக்கும். பறந்துவரும் பாதையும் சரிவும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருந்தால், வேகத்தின் பெரும்பகுதி முன்னோக்கிய ஓட்டமாகவே தொடரும். மண்ணில் இடிப்பது சிறு பகுதிதான்.

ஒரு மாலை, பால்மரக் காட்டோரம் பையன்கள் கொட்டிவைத்த மேட்டில் ஒருவன் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தான். விளிம்பை நெருங்கும்போதெல்லாம் கை இரண்டும் விறைக்கும், உடம்பு சீட்டுக்குப் பின்னால் போகும், ஹேண்டல்பாரைத் தன் பக்கம் இழுப்பான். முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். பின்சக்கரம் தட்டைமேட்டின் நடுவில் 'தொப்'பென்று விழும். பக்கத்தில் நின்ற பெரிய பையனிடம் கேட்டான், "இழுத்தாத்தானே அண்ணே ஏறும்?"

"இழுக்காதே தம்பி. மேடே தூக்கிவிடும். நீ கால்ல அழுத்து."

அந்தப் பதிலில் பாதிப் பாடம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வேண்டும். முதலாவது பதுங்குதல். புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது நமக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. ஏறுமுகம் வளையத் தொடங்கும் இடத்தில் முட்டியையும் முழங்கையையும் மடக்கி, இரண்டு பெடலும் சமமட்டத்தில் இருக்க, உடம்பின் எடையைக் கால்வழியே சைக்கிளுக்குள் அழுத்துவது பதுங்கல். ஆங்கிலத்தில் ப்ரீலோட் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். இரண்டாவது எம்புதல், அவர்கள் மொழியில் பாப். முன்சக்கரம் விளிம்பை நோக்கி ஏறும்போது மடங்கிய காலும் கையும் நிமிர்கின்றன. பின்சக்கரம் விளிம்பை விடும் நேரத்தில் சவாரிக்காரர் ஏறக்குறைய நின்ற நிலையில் இருக்க வேண்டும். முந்தி எம்பினால் ஏறுமுகத்தின் உதவி வீணாகும். எம்பாமல் விறைத்தபடி போனால், பின்சக்கரம் விளிம்பில் உதைபட்டு முன்பக்கம் கவிழும்.

பறக்கும்போது சைக்கிள் உடம்பை நோக்கி மேலே வர இடம் கொடுக்க வேண்டும். முட்டி தளர்ந்தால் அது தானாக வரும். கண் இறங்குமுகத்தில் இருக்கட்டும். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பறக்கிறவர் சமநிலை இழக்கிறார். சரிவுக்கேற்ப சைக்கிளின் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒன்றாகத் தொடும்படி இறங்க வேண்டும். சீட்டை முன்கூட்டியே தாழ்த்தி வைத்துக்கொள்வது அவசியம். உயர்ந்த சீட் பதுங்கவும் விடாது, சைக்கிள் மேலே எழும்பவும் இடம் தராது.

திண்ணையிலிருந்தோ பாறை விளிம்பிலிருந்தோ இறங்கும் டிராப்புக்குக் குதி என்பதே பொருத்தம். இங்கே எம்ப வேண்டியதில்லை. எம்பினால் விழும் உயரம்தான் கூடும். விளிம்பைத் தாண்டும்போது கையை முன்னே நீட்டி, இடுப்பைச் சற்றுப் பின்னே கொண்டுபோய், முன்சக்கரம் கவிழாமல் பார்த்துக்கொண்டால் போதும். குதிகாலுக்கும் வேலை இங்கேதான். ஷூவைப் பூட்டாத சாதாரணப் பெடலில் குதிகாலைத் தாழ்த்தி வைத்தால், தரை தொடும் அதிர்ச்சியில் கால் முன்னே வழுக்காது. 'குதிக்கும்போது குதியை இறக்கு' என்று சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

மூன்றாவது, லோங்காங் வித்தை: மேடு எதுவுமில்லாமல் ஓடும் சைக்கிளைச் சமதரையிலிருந்து எழுப்புவது. ஆங்கிலத்தில் இதற்குப் பன்னி ஹாப் என்று பெயர். முயல் துள்ளல் என்று பொருள். நம்மவர்க்குத் துள்ளல் என்ற ஒரு சொல்லே போதும். முதலில் பின்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரத்தை எழுப்ப வேண்டும். பிறகு காலால் எம்பி, ஹேண்டல்பாரை முன்னே தள்ளி, பாதத்தின் முன்பகுதியைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பெடலைப் பின்பக்கமாக வாரித் தூக்கினால் பின்சக்கரம் தொடர்ந்து வரும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் மாட்டியவர்கள் காலை இழுத்தே சைக்கிளைத் தூக்கிவிடலாம். அப்படிப் பழகியவர் சாதாரணப் பெடலுக்கு வந்ததும் கால் மட்டும் மேலே வரும், சைக்கிள் தரையிலேயே நிற்கும். அதனால் துள்ளலைச் சாதாரணப் பெடலில்தான் கற்க வேண்டும். அதுவும் முதலில் திடலில் ஒரு காய்ந்த குச்சியைக் கிடத்தி, அதற்கு மேலே, லோங்காங் பிறகு.