ஈரக் கூளத்தில் முற்றும் எதிரி

மூன்று வாரக் குஞ்சு. தீனித்தட்டுக்கு ஓடாமல் ஓரமாக நிற்கிறது. இறக்கை தொங்கிவிட்டது, இறகு சிலிர்த்திருக்கிறது, காலடியில் எச்சம் சிவப்பாகக் கிடக்கிறது. பண்ணைக்காரர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்: ரத்தக் கழிச்சல். செத்த குஞ்சை மருத்துவர் அறுத்துக் காட்டினால், குடலின் கடைசியில் கிளைபிரியும் இரண்டு பைகளும் ரத்தம் கட்டி, வீங்கிக் கருத்திருக்கும்.

இது ஐமீரியா டெனெல்லா என்ற ஒரு செல் ஒட்டுண்ணியின் வேலை. குடல் செல்களில் பெருகும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி வகையறா.

இதில் விசித்திரம் என்னவென்றால், நோய்க் கோழியின் எச்சத்தைப் போட்ட சூட்டோடு இன்னொரு கோழி கொத்தினால் நோய் வராது. எச்சத்தோடு வருவது முட்டை மாதிரி ஒரு கூடு, ஊசிஸ்ட் என்பார்கள். அது அப்போது பிஞ்சு. காற்று, ஈரம், கதகதப்பு மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றும். உள்ளே நான்கு அறைகள், அறைக்கு இரண்டாக 8 உயிர்கள் தயாராகிவிடும். அதன் பிறகு கொத்தினால்தான் வினை.

தீனியை அரைக்கும் தசைப்பை கூட்டை உடைக்கிறது. பித்தநீரும் செரிமான நொதியும் உள்ளிருப்பவற்றை விடுவிக்கின்றன. கோழி தன் செரிமானத்தாலேயே எதிரிக்குக் கதவு திறந்துவிடுகிறது! அவை குடல் செல்லுக்குள் புகுந்து பலவாகப் பிரிந்து, செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறி, பக்கத்துச் செல்களில் புகும். இரண்டாவது சுற்று உடைப்பு ஆழத்தில் நடப்பதால் ஏறக்குறைய 5ஆம் நாள் ரத்தம் கொட்டுகிறது. பிறகு ஆணும் பெண்ணுமாகக் கூடி, புதுக் கூடுகள் எச்சத்தில் இறங்கும்.

அதனால் சண்டை நடப்பது, எச்சம் விழும் தரையில் பரப்பிய உமிக் கூளத்தில். தண்ணீர்க் குழாய் சொட்டும் இடத்தில் உமி கட்டிதட்டியிருந்தால் முதலில் அதை அள்ளி வெளியே போட வேண்டும். மற்ற இடங்களில் கிளறி, காயவிட வேண்டும். பினாயில் ஊற்றித் திருப்திப்படுவதில் பயனில்லை. கூட்டின் சுவர் அதற்கெல்லாம் அசையாது.

மருந்தில் ஆம்ப்ரோலியம் பழைய கை. வைட்டமின் பி1 போலவே உருவம். ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு, நிஜ வைட்டமின் கிடைக்காமல் பட்டினி கிடக்கும். இந்த மருந்து ஓடும்போதே 'குஞ்சு சோர்ந்திருக்கிறதே' என்று பி1 உள்ள பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் தண்ணீரில் கலப்பவர்கள் உண்டு. எதிரிக்கே விருந்து வைக்கிறோம்.

கோழியின் ஐமீரியா மனிதரைத் தொற்றாது. நமக்கு வரும் ஒட்டுண்ணிகள் வேறு. அதில் கிரிப்டோஸ்போரிடியம் மோசமானது. வெகுகாலம் காக்சிடியாவோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணு பார்த்தபின் சற்றுத் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். கன்றுக்குட்டிக்கும் மனிதருக்கும் வயிற்றுப்போக்கு தரும். ஐமீரியாவைப் போல இது முற்றக் காத்திருப்பதில்லை. வெளியே வரும்போதே தயார். குளோரினுக்கும் மசியாது.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வடிகட்டல் கோளாறாகி, இது குழாய்த் தண்ணீரில் கலந்தது. சுமார் 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு என்று மதிப்பிட்டார்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் கலந்துதான் இருந்தது. கடைசியில் மக்களிடம் சொன்னது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பதைத்தான். குளோரின் தொடாத அந்தக் கூடு, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும்.