வெளிநாட்டுப் பயணமும் எச்.ஐ.வி.யும்: கேட்கப்படாத கேள்விகள்

வெளிநாடு செல்லும் முன் ஆலோசனைக்கு வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கேட்கிறார்கள். எச்.ஐ.வி.யைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. நானாகப் பேச்சை எடுத்தால், "அது எனக்குத் தேவைப்படாது, டாக்டர்" என்பதே வழக்கமான பதில். இது வேறு யாருக்கோ, வேறு ஏதோ ஒரு நாட்டினருக்கோ வருவது என்ற எண்ணம் அந்தப் பதிலில் ஒளிந்திருக்கிறது. கொசு கடித்தால் வருமா, விடுதியின் துண்டிலிருந்தோ நீச்சல் குளத்திலிருந்தோ தொற்றுமா என்று அஞ்சுபவர்களே, பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் சக பயணியுடன் ஆணுறையின்றி உறவு கொள்வதில் ஆபத்து எதையும் காண்பதில்லை. கொசுவாலும் துண்டாலும் குளத்து நீராலும் எச்.ஐ.வி. பரவுவதே இல்லை, பாதுகாப்பற்ற உடலுறவாலும், பிறர் பயன்படுத்திய ஊசியாலும் பரவுகிறது.

பயணிகள் ஒருவர் விடாமல் அறிந்திருக்க வேண்டியது 72 மணி நேரக் கணக்கு. தொற்றுக்கு வாய்ப்புள்ள உறவோ ஊசிக்குத்தோ நேர்ந்துவிட்டால், 'பெப்' எனப்படும் தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதால், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், இருக்கும் இடத்திலேயே மருத்துவமனையின் அவசரப் பிரிவை அணுகுவதே சரி. வெட்கத்தால் அந்த மூன்று நாட்களைக் கடத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

தொற்று ஏற்பட்ட 2 முதல் 4 வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிகட்டுதல் ஆகியவை தோன்றலாம். பயணக் காய்ச்சல் என்று எளிதில் கடந்துவிடக்கூடிய அறிகுறிகள் இவை. சிலருக்கு எதுவுமே தோன்றாது. நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் செய்யும் ஆய்வகப் பரிசோதனையில் தொற்று வெளிப்பட 45 நாட்கள் வரை ஆகலாம் என்பதால், முதல் வாரத்தில் 'இல்லை' என்று வரும் முடிவை நம்பி நிம்மதியடைய முடியாது.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் பயணம் செய்கிறார்கள். சிகிச்சையால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து, அப்படியே நீடிக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. ஆயினும் 1987 முதல் 2010 ஜனவரி வரை அமெரிக்கா இத்தகையவர்களுக்கு நுழைவுத் தடை விதித்திருந்தது. சில நாடுகளில் இன்றும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், விதிகளை முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளை மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்வதும், பயணம் நீண்டால் தேவைப்படும் என்று சில நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துச்செல்வதும் அவசியம்.

இவர்களில் சிலர், முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சித் தங்கள் நிலையை மருத்துவரிடமே மறைத்துவிடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பதோ உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி; நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைப் போடக் கூடாது. ஆகவே ஊசி போடும் முன், கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறதா என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன்.