பாதியில் நிற்கும் ஹேமர் சேஃப்டி ஆகாது

போன வாரமும் ஒருவர் வந்தார். அப்பா விட்டுப்போன டோக்கரெவ் பிஸ்டலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து என் பட்டறை மேசையில் வைத்தார். துண்டைப் பிரித்துப் பார்த்தால் ஹேமர், அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல், பாதியில் நிற்கிறது. "தோட்டா இருக்கா?" என்று கேட்டேன். "மேகசினைக் கழற்றிட்டேன் அண்ணே. ஹேமரையும் பாதியில வச்சிருக்கேன். சேஃப்டி போட்ட மாதிரிதானே?" என்றார்.

இந்த வகையில் ஹேமர் பாதியில் நின்றால், மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையான சேம்பரைப் பார்க்க வேண்டுமென்றால் ஹேமரை முழுதாக இழுத்தே ஆக வேண்டும். குழலை மணல் வாளிக்குள் திருப்பி, ட்ரிக்கர் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், ஹேமரை இழுத்து ஸ்லைடைப் பின்னால் இழுத்தேன். கழுத்து ஒடுங்கிய பித்தளைத் தோட்டா ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அதே துண்டோடு, வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றினால் சேம்பரில் இருக்கும் தோட்டா தானாக வெளியே வராது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வருவது அந்த 'பாதி' பற்றித்தான்.

டிடி-33 என்ற இந்த பிஸ்டலில் கையால் போடும் சேஃப்டி லீவரே கிடையாது. ஹேமரின் அடியில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியரின் நுனி அதில் போய் உட்கார்ந்தால் ஹேமர் பாதியில் நிற்கும், ட்ரிக்கரும் அசையாது. பாதுகாப்புக்கென்று வைத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் புதுத் துப்பாக்கிக்குச் சொன்னதை எண்பது வருடம் கழித்தும் நம்பலாமா? தாங்கி நிற்பது அந்தப் பள்ளத்தின் மெல்லிய விளிம்பு மட்டும். எத்தனை கை மாறியதோ, யார் எப்போது அரம் போட்டுத் தேய்த்தார்களோ, யாருக்குத் தெரியும்? கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் அத்தனை வேகமும் அந்த விளிம்பில்தான் இறங்கும்.

இவருடையதைக் கழற்றினேன். டோக்கரெவில் ஹேமர், சியர் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கையோடு வந்துவிடும், நல்ல வடிவமைப்பு. லென்ஸில் பார்த்தால் விளிம்பின் ஒரு மூலை உடைந்திருந்தது. மறுபடி பூட்டி, காலியாக ஹேமரைப் பாதியில் நிறுத்தி, ட்ரிக்கரை அழுத்தினேன். 'டக்'கென்று விழுந்தது.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. தோட்டா ஏற்றிய பிறகு ஹேமரைப் பாதிக்குக் கொண்டுவருவது எப்படி? கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்துக்கொண்டு ட்ரிக்கரை அழுத்த வேண்டும். தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் ட்ரிக்கரை! விரலில் கொஞ்சம் எண்ணெயோ வியர்வையோ இருந்து வழுக்கினால் வெடித்துவிடும். 'சேஃப்டி போடுகிறேன்' என்று நினைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. சரி, முழுதாக இறக்கி வைக்கலாமே என்பார்கள். இறக்குகிற ஆபத்து அதேதான். தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தடுக்க இதில் தனி அமைப்பு எதுவும் இல்லை, வெறும் ஸ்பிரிங்தான். அது தளர்ந்திருந்தால், குழல் முனை தரையில் பட விழும்போது அந்த ஊசி முன்னால் பாயலாம்.

"க்ளாக்கிலும் லீவர் இல்லையே?" என்று கேட்பவர்களுக்கு: க்ளாக் என்ற இந்தக் கால பிஸ்டலின் உள்ளே மூன்று தடுப்புகள் இருக்கின்றன, ஃபயரிங் பின்னுக்கும் சேர்த்து. வெளியே லீவர் இல்லாததை மட்டும் வைத்து இரண்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள். லீவர் இருந்தாலும் அது எதற்கென்று தெரிந்துகொள்ளுங்கள். போலந்தின் விஸ் 35 பிஸ்டலில் பின்பக்கம் சேஃப்டி போலவே ஒரு லீவர் இருக்கும். அது பிரித்துக் கழற்றுவதற்கு.

1873 கோல்ட் ரிவால்வர் வைத்திருந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். ஹேமர் காலி அறைமேல் நிற்கும். பழைய பிஸ்டலுக்கும் அதே கணக்குதான்: சேம்பர் காலியாக இருக்கட்டும். சுடுகளத்தில், இலக்கை நோக்கி நின்ற பிறகு ஏற்றினால் போதும். சுட்டு முடிந்ததா, முதலில் மேகசின், அப்புறம் ஸ்லைடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். ஹேமரை இறக்கிப் பழக வேண்டும் என்று ஆசையாக இருந்தால் டம்மித் தோட்டாவில் பழகுங்கள், நிஜத் தோட்டாவில் வேண்டவே வேண்டாம்.

அப்பா, தாத்தா வைத்திருந்தது அலமாரியில் கிடக்கிறதென்றால், தயவுசெய்து அதைத் தோட்டா இருக்கும் துப்பாக்கியாகவே நினையுங்கள். "அவர் எப்பவும் காலியாகத்தான் வைப்பார்" என்று இவரும் என்னிடம் சொன்னார். திறக்கத் தெரியாவிட்டால் தொடாமல், துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு ஆர்மரரைக் கூப்பிடுங்கள். தெரியுமென்றால் காலி செய்து, ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, சேம்பர் வெளியே தெரியும்படி கொண்டு வாருங்கள். துண்டில் சுற்றாதீர்கள்.

ஹேமர், ஸ்பிரிங் இரண்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அது என் பெட்டகத்தில் இருக்கும். அந்தத் தோட்டாவையும் அவர் என்னிடமே விட்டுப் போய்விட்டார்.