கோடையில் மாங்கன்றைக் காப்பது: ஹார்மோன் தெளிக்கும் முன் வேரைப் பாருங்கள்

மண் காயத் தொடங்கியதுமே மாங்கன்றுக்குள் அப்சிசிக் அமிலம் கூடுகிறது. வேரிலும் இலையிலும் உருவாகும் இந்த ஹார்மோன் இலைத்துளையின் காப்புச் செல்களை எட்டியதும் அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கூடவே நீரும் போகும், துளை மூடிக்கொள்ளும். வேர் நுனியிலிருந்து மேலேறும், துளிரைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் குறைவதால் புதுத் துளிர் நிற்கும். வறட்சி நீடித்தால் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடி முதிர்ந்த இலைகள் உதிரும். கன்று தன் செலவைக் குறைத்துப் பிழைக்கும் வழி இது. பல தோட்டங்களில் நாமே இதைக் கெடுத்துவிடுகிறோம்.

முதல் கேடு நாற்றங்காலில். நிழல்வலைக்கு அடியில், ஈரக்காற்றில், தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒட்டுக்கன்றின் இலைத்துளைகள் அப்சிசிக் அமிலத்துக்குச் சரியாக மூடிக்கொள்வதில்லை. அதை அப்படியே கிருஷ்ணகிரி செம்மண்ணில் நட்டால் ஒரு வாரத்தில் கருகும். நடுவதற்கு 3 அல்லது 4 வாரம் முன்பே நிழலைப் படிப்படியாகக் குறைத்து, பையின் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். பைக்குள் சுருண்ட வேரை நடும்போது வெட்டிவிடுவதும் அவசியம்.

இரண்டாவது, தண்ணீர் விடும் முறை. தினமும் 5 லிட்டர் ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வாரம் இருமுறை 20 லிட்டர் விட்டால் ஈரம் ஆழத்துக்கு இறங்கும், வேரும் அதைத் தேடிப் போகும். தூரைச் சுற்றி மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். வறட்சியில் யூரியா வேண்டாம். அது துளிரைத் தள்ளி இலைப் பரப்பைக் கூட்டும், நீர்த்தேவையும் கூடும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரையும், முதல் 3 ஆண்டுகளில் வரும் பூங்கொத்தையும் கிள்ளிவிடுங்கள்.

வேர் இருபுறமும் பரவிய, 2 வயது கடந்த கன்றுகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் 1990களில் வளர்த்தெடுக்கப்பட்ட மாற்றுப்பக்கப் பாசனம் அது. தண்டின் இருபுறமும் 45 செ.மீ. தள்ளி ஒவ்வொரு சொட்டுவான் வைத்து, ஒரு பக்கம் மட்டும் திறக்க வேண்டும். காயும் பக்கத்து வேர் அப்சிசிக் அமிலத்தை அனுப்பித் துளைகளை ஓரளவு மூடவைக்கும். ஈரப்பக்கத்து வேர் கன்றை வாடவிடாது. ஒரே பக்கத்தை நெடுநாள் காயவிட்டால் அந்த வேரிலிருந்து சாறு மேலேறுவதே நின்று சமிக்ஞையும் அறுந்துபோகும். அதனால் செம்மண்ணில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். கரிசலில் கூடுதல் நாள் தாங்கும்.

தெளிப்பதென்றால், வறட்சியைத் தாங்க உதவும் ஹார்மோனான சாலிசிலிக் அமிலம் மலிவானது. அளவு 100 பிபிஎம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 1 கிராம். குளிர்ந்த நீரில் மெதுவாகவே கரையும் என்பதால் சிறிது ஆல்கஹாலில் கரைத்து, கலக்கிக்கொண்டே தண்ணீரில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் துகள் தெளிப்பான் முனையை அடைக்கும். (இதற்குப் பதிலாக ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள்; அதிலுள்ள மாவும் இதே அடைப்பைத்தான் தரும்.) அளவைப் பல மடங்கு கூட்டினால் இலை விளிம்பு கருகும். இரும்புச் சத்துக் கரைசலோடு சேர்க்காதீர்கள். கலவை ஊதாவாக மாறினால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்று பொருள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பிபிஎஃப்எம் பாக்டீரியக் கரைசலை லிட்டருக்கு 10 மில்லி கலந்து அடிக்கலாம். இலையில் வாழும் அந்த பாக்டீரியா சைட்டோகைனின் தருவதால் இலை சீக்கிரம் பழுக்காது. உயிருள்ள பொருள் என்பதால் பூஞ்சாணக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி எதனோடும் கலக்கக் கூடாது.

எதை அடித்தாலும் காலையிலோ மாலை 4 மணிக்குப் பிறகோ, வறட்சி முற்றுவதற்கு முன் அடியுங்கள். வாடிய இலை அதிகம் உறிஞ்சாது. முதிர்ந்த மாவிலை எளிதில் வாட்டத்தைக் காட்டாது; செந்துளிரைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். மதியம் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் பொறுக்கலாம். விடியற்காலையிலும் தொங்கினால் தெளிப்பானை வைத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

வளர்ச்சி ஒடுக்கியான பேக்லோபுட்ரசால், தண்டை நீளவைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனின் உற்பத்தியைத் தடுத்து, இலைப் பரப்பைக் குறைத்து வறட்சியைத் தாங்கவைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இளங்கன்றுக்கு அதை ஊற்றுவது எங்களுக்கு உடன்பாடில்லை. மண்ணில் நெடுங்காலம் தங்கும்; கணுக்கள் நெருங்கி, மரத்தின் அடிப்படையான சட்டகக் கிளை உருவாக வேண்டிய வயதில் கன்று குட்டையாக நின்றுவிடும். பிறகு தண்ணீர் தாராளமாகக் கிடைத்தாலும் அது உடனே நீளாது.